பத்து க்ரோமிஸ், ஏழு கார்டினல்

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் மீன்களை எண்ணிச் சொல்வது என் மகளின் வேலை. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. எங்கள் கடல்நீர்த் தொட்டிக்குக் க்ரோமிஸ் என்ற சிறு மீன்கள் பத்து வாங்கிவிட்டு மூன்று வாரம் ஆகியிருந்த ஒரு வியாழக்கிழமை, "ஒம்பதுதான் இருக்குதுப்பா" என்றாள். பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். சாயங்காலமும் ஒன்பதுதான். அடுத்த மாதம் எட்டு. அதற்கடுத்து ஏழு. பதினான்கு மாதம் முடிந்தபோது ஒன்றே ஒன்று மிஞ்சியது. நன்றாகக் கொழுத்து, தொட்டி முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டு சுற்றி வந்தது.

கடல்நீர்த் தொட்டி வைக்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் கூட்டமாக நீந்தும் மீன் வேண்டும் என்று ஆசை வரும். பாறை மேல் ஒரு வெள்ளித் துணியை வீசியது போல மீன்கள் ஒன்றாகத் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை போகாது. எனக்கும் போகவில்லை. அதற்காக நான் செய்த தவறுகளையும், பிறகு தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கடையில் பையைக் கையில் வாங்கும் முன் யாராவது ஒருவர் படித்தாலும் சில மீன்கள் பிழைக்கும்.

நான் திருப்பூரில், சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தில், சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. பிரிவில் வேலை பார்க்கிறேன். உப்பும் தண்ணீரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் கடல்நீர் தயாரிப்பது எனக்குக் கடினமாக இல்லை. வீட்டுத் தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கணக்குக்கு 450 லிட்டர் என்றாலும் மணலும் பாறையும் போக 380 லிட்டர்தான் தண்ணீர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கணக்கில் முதல் தடவைக்கே 13 கிலோவுக்கு மேல் கடல் உப்புக் கலவை ஆயிற்று. "கல்லுப்பையே கரைச்சு ஊத்தலாமே?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். கல்லுப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். கடல் நீரில் உள்ள மக்னீசியம், கால்சியம், கார அளவு எதுவும் அதில் சரியாக இருக்காது. எங்கள் போர்த் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 2000-ஐத் தாண்டும். அதை ஆர்.ஓ.வில் விட்டு, பிறகு மிச்ச உப்பை எடுக்கும் ரெசினிலும் விட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் உப்பைக் கலப்பேன். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்வதற்காக மீனே இல்லாமல் ஆறு வாரம் தொட்டியை ஓட்டினேன். அம்மோனியா ஏறி, நைட்ரைட் ஏறி, இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் முதல் மீன். இதில் எல்லாம் நான் அவசரப்படவில்லை. மீனைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவசரப்பட்டேன்.

கடையில் ஒரு இரண்டடித் தொட்டியில் ஐம்பது அறுபது பச்சை க்ரோமிஸ் இருந்தன. வெளிச்சம் படும்போது பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். கையை அசைத்தால் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. "பத்தா எடுத்துக்கோங்கண்ணா, இப்படியே கூட்டமாச் சுத்துமுங்க" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் தொட்டியில் அவை அப்படித்தான் சுற்றின.

என் தொட்டியிலும் முதல் பத்து நாள் சுற்றின. அப்புறம் மெல்ல மெல்லப் பிரிந்தன. ஒன்று இடப்பக்கப் பாறையைப் பிடித்தது, இரண்டு பம்ப்புக்குக் கீழே நின்றன. சாப்பாடு போடும்போது மட்டும் சேர்ந்து வரும். ஏதோ நோய் என்று நினைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிச் சோதித்தேன். எல்லா அளவும் சரியாகவே இருந்தது.

விளக்கம் என் அப்பாவிடமிருந்து கிடைத்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல் மரம். அப்பா வாழ்நாள் முழுவதும் அதில் செம்மறி மேய்த்தவர். வீட்டுக்கு வந்திருந்தபோது தொட்டி முன்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். "மீனெல்லாம் ஏன் சேர மாட்டேங்குதுன்னு பாக்கறயா? கொறங்காட்டுல வுட்ட ஆடு என்னிக்கு ஒட்டிக்கிட்டு நின்னுருக்குது? புல்லு இருக்கற பக்கமா ஒவ்வொண்ணும் ஒரு திக்குல மேயும். நாயி வந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இங்க நாயி எங்கடா இருக்குது?" என்றார்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இதையேதான் சொன்னது. மீன்கள் ஒரே இடத்தில் தளர்வாகச் சேர்ந்திருப்பது வேறு, ஒரே திசையில் ஒரே வேகத்தில் அணியாக நீந்துவது வேறு. முதலாவதை ஷோலிங் என்றும் இரண்டாவதை ஸ்கூலிங் என்றும் சொல்கிறார்கள். பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை முதல் வகை. க்ரோமிஸ் கடலில் கிளைப் பவளத்துக்கு மேலே நூற்றுக்கணக்கில் நின்று மிதவை உயிர்களைத் தின்னும், பெரிய மீனின் நிழல் விழுந்தால் மொத்தமும் கிளைகளுக்குள் பாயும். அந்தப் பயம்தான் அவற்றைச் சேர்க்கிறது. கடைத் தொட்டியில் நெருக்கமும் பயமும் இருந்தன, ஒளிய இடம் இல்லை. அதனால் அணி சேர்ந்தன. என் வீட்டில் நிம்மதியாக இருந்தன, அதனால் பிரிந்தன. பிரிந்ததில் தவறில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் தவறு.

அதையும் அப்பாதான் கோழியை வைத்துச் சொன்னார். வாசலில் திரிகிற கோழிகள் ஒன்றையொன்று கொத்தினாலும் தப்பித்து ஓட இடம் உண்டு. பத்துக் கோழியைக் கூண்டில் அடைத்தால் இளைத்ததைக் கொத்தியே கொன்றுவிடும். க்ரோமிஸ்களுக்குள் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. கடலில் நூறு மீன்களுக்கு நடுவே பங்காகிப் போகும் துரத்தல், நாலடித் தொட்டியில் கடைசி மீன் ஒன்றின் மேலேயே விழும். அது ஒளியும், சாப்பாட்டுக்கு வராது, இளைக்கும், ஒருநாள் காணாமல் போகும். செத்ததை நண்டும் புழுவும் இரவோடு இரவாகத் தின்றுவிடுவதால் உடல்கூடக் கிடைக்காது. அது போனதும் வரிசையில் அடுத்தது கடைசி ஆகிவிடும்.

அதனால் இப்போது எந்தக் கூட்ட மீனை வைத்தாலும் சாப்பாட்டு நேரத்தில் நான் பார்ப்பது பெரியதை அல்ல, மிகச் சிறியதை. மேல் மூலையிலோ பம்ப்புக்குப் பின்னாலோ அது தனியாக நிற்கிறதா, வால் ஓரம் கிழிந்திருக்கிறதா, உணவு வாய்க்குப் பக்கத்தில் வந்தும் எடுக்காமல் விடுகிறதா என்று பார்ப்பேன். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அதை வேறு தொட்டிக்கு எடுத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு மீன் போயிருக்கிறது.

பெரிய மீன் ஒன்றைப் போட்டுப் பயமுறுத்தினால் கூட்டம் சேரும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். சேரும்தான். ஆனால் நாள் முழுக்கப் பயத்திலேயே இருக்கும் மீனுக்கு நோய் எதிர்ப்பு குறைந்து, பிறகு வெண்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய் வந்து நிற்கும். நம் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை ஓயாமல் நடுங்க வைப்பது சரி என்று எனக்குப் படவில்லை.

முதல் பத்து க்ரோமிஸில் ஒன்பது போன பின்னும் எனக்குப் புத்தி முழுதாக வரவில்லை. எண்ணிக்கை குறைவாக, உருவம் பெரியதாக வாங்கினால் சரியாகிவிடும் என்று வேறொரு கடையில் ஐந்து எடுத்தேன். மூன்றாம் நாள் ஒன்றின் விலாவில் சிராய்ப்பு போலச் சிவப்புத் தழும்பு. ஐந்தாம் நாள் அது புண்ணாகி மீன் செத்தது, அடுத்ததன் மேலும் அதே தழும்பு. யூரோனிமா என்ற ஒட்டுண்ணி. க்ரோமிஸில் இது அடிக்கடி வரும். வெண்புள்ளிக்குப் போடும் செம்பு மருந்து இதற்குக் கேட்காது. தொட்டியை மீன் இல்லாமல் சும்மா ஓட்டினாலும் போகாது, ஏனென்றால் மீன் இல்லாமலே கழிவையும் பாக்டீரியாவையும் தின்று அது வாழும். நல்லவேளை, அந்த ஐந்தும் புது மீன்களைச் சில வாரம் பிரித்து வைக்கும் தனிமைத் தொட்டியில்தான் இருந்தன. க்ரோமிஸ் வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் கடையில் ஒரே தொட்டியில் உள்ள எல்லா மீனின் விலாவையும் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒன்றன் மேல் சிவப்பு தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், பக்கத்து மீன் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி.

அந்தச் சமயத்தில் இன்னொரு ஆபத்தும் பக்கத்தில் வந்து போனது. ஒரு கடையில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட, விரல் நீளமே இருந்த குட்டி மீன்கள் பந்து போலச் சுருண்டு சுருண்டு மணலின் மேல் உருண்டுகொண்டிருந்தன. அவ்வளவு நெருக்கமான கூட்டத்தை நான் எந்தத் தொட்டியிலும் பார்த்ததில்லை. விலையும் குறைவு. மகள் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. அவை வரிக் கெளுத்திக் குட்டிகள். நம் கடற்கரைகளிலும் உள்ள மீன்தான். குட்டியில்தான் அந்தப் பந்து. வளர்ந்தால் ஓரடி நீளம் வரும், பந்தும் கலைந்துவிடும், வாய்க்குள் போகிற மீனையெல்லாம் விழுங்கும். அதைவிட முக்கியம், முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் விஷமுள் உண்டு. குத்தினால் கடுமையான வலி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். குழந்தைகள் தொட்டிக்குள் கைவிடும் வீட்டில் இதை வைக்கவே கூடாது. அன்றைக்கு மகளை அழ அழக் கூட்டிவந்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

மோனோ என்று வெள்ளித் தட்டு போல ஒரு மீன் வரும். அது உண்மையாகவே அணியாக நீந்தும். ஆனால் உள்ளங்கையைவிடப் பெரிதாகும், ஓயாமல் ஓடும். ஆறு அடிக்குக் குறைந்த தொட்டி அதற்குச் சிறை. நாலடிக்காரர்கள் மறந்துவிடலாம்.

பிறகு பங்காய் கார்டினல். கறுப்பு வெள்ளைப் பட்டையும் நீண்ட துடுப்புகளுமாகக் கோயில் தூண் சிற்பம் மாதிரி அசையாமல் நிற்கும் மீன். இந்தோனேசியாவில் சுலவேசிக்குப் பக்கத்தில் உள்ள பங்காய்த் தீவுகள்தான் இதன் பூர்வீகம். மற்ற கடல் மீன்களின் குஞ்சுகள் போல இதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் பரவுவதில்லை. ஆண் மீன் முட்டைகளை வாயில் அடைகாத்து, முழு உருவம் வந்த குஞ்சுகளாகத்தான் வெளியே விடும். அதனால் ஓர் இடத்தில் அதிகமாகப் பிடித்துவிட்டால் வேறு இடத்திலிருந்து வந்து நிரம்பாது. 2007-ல் இது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்ததற்கு, தொட்டிகளுக்காக அளவில்லாமல் பிடித்தது ஒரு முக்கியக் காரணம். ஆகவே இதை வாங்குவதானால் பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கேட்கிறவர்கள் கூடக் கூடத்தான் கடைக்காரர்களும் அதைத் தேடி வாங்குவார்கள்.

பண்ணைக் குட்டிகள் ஐந்து எடுத்தேன். ஆறு மாதம் ஒரே மூலையில் ஒன்றாக நின்றன. இதுதான் நான் தேடிய கூட்டம் என்று நம்பினேன். ஏழாம் மாதம் இரண்டு ஜோடி சேர்ந்தன, அன்றிலிருந்து மற்ற மூன்றுக்கும் தொட்டியில் இடமில்லை. ஒன்று இறந்தது. இரண்டைக் கோவையில் உள்ள ஒரு நண்பரிடம் கொடுத்தேன். ஜோடி மட்டும் தனியாக ஒரு 90 லிட்டர் தொட்டியில் இன்றும் இருக்கிறது. ஆண் வாயை இறுக மூடிக்கொண்டு மூன்று வாரத்துக்கு மேல் எதுவும் தின்னாமல் நின்றதையும், பிறகு ஒரு காலை அதன் பக்கத்தில் நகம் அளவு குட்டிகள் அதே பட்டைகளோடு நின்றதையும் பார்த்தது எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று. ஆனாலும் பங்காயைக் கூட்ட மீன் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஜோடி மீன்.

இதற்குள் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. "எது கூட்டமாக நீந்தும்?" என்று கேட்டுத்தான் நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது, "வளர்ந்த பிறகும் தன் இனத்தை எது கொல்லாது?" என்பது. அத்தோடு, அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிட வேண்டும், அதைப் போட என் வீட்டில் ஆள் உண்டா என்பதும்.

இந்தக் கேள்விகளோடு போனபோதுதான் பைஜாமா கார்டினல் கண்ணில் பட்டது. அதுவரை அதை நான் சட்டை செய்ததே இல்லை. முகம் மஞ்சள், கண் சிவப்பு, நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, பின்பாதி முழுக்கச் செம்புள்ளிகள், மூன்று துண்டுத் துணியை ஒட்டுப்போட்டது போல இருக்கும். வேகமாக நீந்தாது. பகலில் நீரோட்டம் குறைந்த ஓர் இடத்தில், ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டு, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து நிற்கும். சாயங்காலம் விளக்கு மங்கும்போது பரவி வந்து இரை தேடும். இரவு மீன் அது. வளர்ந்தாலும் மூன்று அங்குலத்தைச் சுற்றித்தான்.

ஒரே அளவில், ஐந்து ரூபாய் நாணயத்துக்குக் கொஞ்சம் பெரியதாக ஏழு குட்டிகள் எடுத்தேன். ஏழையும் ஒரே நாளில் தொட்டியில் விட்டேன். இது முக்கியம். மூன்றை முதலில் விட்டு நான்கைப் பிறகு விட்டால், முதல் மூன்றுக்கு வீடு சொந்தமாகிவிடும், பின்னால் வந்தவை அன்னியர்கள். அதேபோல இந்த மாதிரி சாதுவான மீன்களைத்தான் தொட்டியில் முதலில் விட வேண்டும், கோமாளி மீன், டேங் போன்ற முரட்டு மீன்களைக் கடைசியில். எங்கள் வீட்டில் எஞ்சியிருந்த ஒற்றை க்ரோமிஸை, எட்டடித் தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டே கார்டினல்களை விட்டேன். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைத் திருப்பி, தொட்டியின் வலது மூன்றில் ஒரு பங்கை அமைதியான நீராக வைத்தேன். இரண்டே நாளில் ஏழும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஏழும் இருக்கின்றன. அந்தி நேரத்தில் ஒன்றையொன்று லேசாக விரட்டும், துடுப்பு கிழிகிற அளவுக்குப் போனதில்லை. வெள்ளித் துணி வீசுவது போன்ற காட்சியெல்லாம் இவை தராது. அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். ஆனால் பகலில் எப்போது பார்த்தாலும் ஒன்றாக நிற்கும் மீன் வேண்டுமென்றால், நாலடித் தொட்டிக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

ஆந்தியாஸ் என்ற கூட்ட மீனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அழகில் அதற்கு ஈடில்லை. கோவை நண்பர் ஆறடித் தொட்டியில் லைர்டெயில் ஆந்தியாஸ் ஆறு வைத்திருக்கிறார், ஓர் ஆணும் ஐந்து பெண்களும். பெண்கள் ஆரஞ்சு நிறம், ஆண் ஊதா கலந்த சிவப்பு, முதுகுத் துடுப்பில் கொடி போல ஒரு நீண்ட முள். எல்லாம் பெண்ணாகத்தான் வளரும். கூட்டத்தின் ஆண் இறந்தால் பெரிய பெண் ஆணாக மாறும். நண்பர் வீட்டில் ஆண் இறந்த மூன்றாம் வாரத்தில் ஒரு பெண்ணின் நிறம் மாறத் தொடங்கியதை நானே போய்ப் பார்த்தேன். அதனால் வாங்கும்போது ஓர் ஆண், மற்றவை பெண் என்று எடுக்க வேண்டும், அல்லது எல்லாமே பெண். இரண்டு ஆண்களைச் சிறிய இடத்தில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆனால் அது நாள் முழுக்க மிதவை உயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். ஒரு வேளை நிறையப் போட்டு ஈடுகட்ட முடியாது. நண்பர் நாளைக்கு நான்கு தடவை போடுகிறார். உறைந்த மைசிஸ் என்ற சிறு இறால் இரண்டு வேளை, நடுவில் தானியங்கிக் கருவி மூலம் சிறு குருணை. அவ்வளவு உணவு போட்டால் கழிவு ஏறும், அதை நுரையாக்கிப் பிரிக்கும் பெரிய ஸ்கிம்மர் வைத்திருக்கிறார். அவர் அம்மா பகலில் வீட்டில் இருக்கிறார், மதிய வேளையை அவர் பார்த்துக்கொள்கிறார். எனக்கு ஷிப்ட் வேலை. என் மனைவியும் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். "ஏனுங்க, மத்தியானம் யாருங்க சோறு போடுவாங்க?" என்று அவள் ஒரே கேள்வி கேட்டாள். ஆந்தியாஸ் ஆசையை அத்தோடு விட்டேன். கார்டினலுக்கு நாளைக்கு இரண்டு வேளை போதும், அதுவும் எங்கள் வீட்டு நேரத்துக்கு ஒத்துப்போகிறது.

கடல் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு மீன் வந்து சேரும் வழியும் ஒரு பிரச்சினை. நமக்கு வரும் மீன்களில் நிறைய சென்னை கொளத்தூர் மொத்த வியாபாரிகளிடமிருந்து இரவுப் பேருந்தில் வருகின்றன. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பைக்குள். மீன் விடும் மூச்சால் பைத் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கும், அதே நேரம் அம்மோனியா சேரும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியா பெரிதாகக் கெடுதல் செய்யாது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாக மாறும். இது தெரியாமல் என் முதல் மீன்களை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கினேன், நஞ்சிலேயே ஊறவைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது செய்வது வேறு. மீன் இருக்கும் நீரின் உப்பு அளவை முன்கூட்டியே கேட்டு, என் தனிமைத் தொட்டியை அதே அளவில் தயாராக வைப்பேன். நீரின் அடர்த்தி எண்ணில் சொன்னால், பல கடைகள் கடல் நீரின் 1.025-க்குப் பதில் 1.020-ஐ ஒட்டி வைத்திருக்கும். பை வந்ததும் மூடியபடியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் திறந்து, மீனை மட்டும் உடனே மாற்றிவிடுவேன், பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டியில் விழாது. பிறகு நாளுக்குக் கொஞ்சமாக உப்பை ஏற்றுவேன்.

இன்னும் நல்ல வழி, மீன் கடைக்கு வந்த அன்றைக்கே எடுக்காமல் முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே விடுவது. பயணத்தில் அடிபட்டவை அந்த வாரத்தில் தெரிந்துவிடும். எடுக்கப் போகும்போது உங்கள் கண் முன்னால் இரை போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை இரக்கப்பட்டு வாங்காதீர்கள்.

தனிமைத் தொட்டி என்பது பெரிய செலவில்லை. 80 லிட்டர், மணல் கிடையாது, ஒளிய நாலு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், முதன்மைத் தொட்டியின் சம்ப்பில் (வடிகட்டும் துணைத் தொட்டியில்) முன்பே ஊறப்போட்டு வைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். நாலு முதல் ஆறு வாரம். கூட்ட மீனுக்கு இது தனி மீனைவிட அவசியம், ஏனென்றால் ஒன்றில் வரும் வெண்புள்ளி ஒரே வாரத்தில் ஏழுக்கும் பரவும். முதன்மைத் தொட்டிக்குள் வெண்புள்ளி நுழைந்துவிட்டால் அந்த ஒட்டுண்ணி மீனில்லாமல் சாகும் வரை, எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் தொட்டியை வெறுமனே ஓட்ட வேண்டும். அந்த 76 நாளை நான் ஒருமுறை கழித்திருக்கிறேன். வெறும் தொட்டியில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது மனதுக்குக் கஷ்டம்.

நம் ஊர் வெயிலும் மீன் தேர்வில் வந்து நிற்கும். சித்திரை வைகாசியில் மாடி வீட்டு அறைக்குள் 36 டிகிரி போனால் தொட்டி 31-ஐத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஓயாமல் நீந்தும் மீன்கள்தான் முதலில் மேலே வந்து வாயைத் திறக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இல்லாதவர்கள் தண்ணீர்ப் பரப்பில் ஒரு சிறிய விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். அதை ஈடுசெய்ய உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். உப்பு ஆவியாவதில்லை. மாதப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தும் நாளில் வேவ்மேக்கரும் ஒரு காற்று மோட்டாரும் இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். விளக்கு, ஸ்கிம்மர் எதுவும் தேவையில்லை. அன்றைக்கு இரையும் போடுவதில்லை.

கடைசியாக ஒன்று. இதைக் கொங்குப் பகுதியில் இருக்கும் நான் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. தண்ணீர் மாற்றும்போது வெளியேறும் உப்பு நீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? வாரம் 40 லிட்டர் என்றால் 1.4 கிலோ உப்பு. வருடத்துக்கு 70 கிலோவுக்கு மேல். "தென்னைக்கு ஊத்துப்பா, உப்பு தென்னைக்கு நல்லது" என்று அம்மா சொன்னார். குழியில் ஒரு பிடி உப்பு போடுவது வழக்கம்தான். ஆனால் வாரா வாரம் கிலோக்கணக்கில் ஒரே இடத்தில் ஊற்றினால் அந்த மண் என்ன ஆகும்? நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் சாயக்கழிவின் உப்பு என்ன செய்தது என்று நாங்கள் பார்த்தவர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது என் தெருவில் பாதிப் பேருக்கு வேலை போனது. நான் தினமும் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிற வேலையைச் செய்துவிட்டு, வீட்டில் மண்ணுக்குள் உப்பை ஊற்ற முடியாது. மண்ணில் படாமல் சாக்கடைக் குழாயில்தான் விடுகிறேன். அதுவும் முழுத் தீர்வில்லை என்று தெரியும். அதனால் விடும் அளவையே குறைத்தேன். மீன் குறைவு, இரை குறைவு, கழிவு குறைவு. வாரம் 40 லிட்டர் மாற்றிய இடத்தில் இப்போது 20 லிட்டர் போதுமாக இருக்கிறது, நைட்ரேட்டும் ஏறவில்லை. ஏழு மந்தமான கார்டினல்களை நான் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. எண்ணுவதை விடவில்லை. போன வாரம் நான் இரவு ஷிப்ட் முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தொட்டிப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "ஏழும் இருக்குதுப்பா. ஆனா ஒண்ணு மட்டும் நேத்திலிருந்து சாப்பிடலை. வாய் உப்பிக்கிட்டு இருக்குது."

விளக்கைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தாடைக்குக் கீழே தோல் மெல்லியதாக விரிந்திருந்தது. அது வாயைக் கொஞ்சம் திறந்து மூடியபோது உள்ளே முட்டைகள் தெரிந்தன. மற்ற ஆறும் வழக்கமான இடைவெளி விட்டு அதைச் சுற்றி நின்றன.